நாய் சாக்லேட் தின்றுவிட்டால்: "நல்லாத்தானே இருக்குது" என்று காத்திருக்காதீர்கள்

கால்நடை மருத்துவரான என்னிடம் வந்த கேள்வி இது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய்விட்டு, வரும்போது கடையில் ஒரு பெட்டி ஹோம்மேட் டார்க் சாக்லேட் வாங்கி வந்திருக்கிறார்கள். பெட்டியை டீப்பாய் மேல் வைத்துவிட்டு எல்லோரும் கை கால் கழுவப் போன நேரத்தில், வீட்டிலுள்ள 9 கிலோ ஸ்பிட்ஸ் நாய் பெட்டியைக் கடித்துத் திறந்து ஏழெட்டுத் துண்டுகளைத் தின்றுவிட்டது. கணக்குப் பார்த்தால் சுமார் 60 கிராம். பாட்டி சொன்னபடி உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றினார்கள். கொஞ்சம் வாந்தி எடுத்தது. பிறகு நன்றாகத்தான் விளையாடியது. நடு இரவுக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்தது, படுக்கவே இல்லை, நான்கு முறை வாசலுக்குப் போய் சிறுநீர் கழித்தது, விடியும் வரை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாள் மாலை சரியாகிவிட்டது. "நாங்கள் செய்தது சரியா? எவ்வளவு தின்றால் ஆபத்து? மறுபடி நடந்தால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பதிலுக்குள் போவதற்கு முன், இதைப் படிக்கும்போதே உங்கள் நாய் சாக்லேட் தின்றுவிட்டு எதிரில் நிற்கிறது என்றால், முழுவதையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். மீதி சாக்லேட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். கவரையும் பெட்டியையும் குப்பையில் போடாமல் கையில் எடுங்கள். கால்நடை மருத்துவருக்குப் போன் செய்து நான்கு விஷயம் சொல்லுங்கள்: நாயின் எடை, என்ன வகை சாக்லேட், எத்தனை கிராம், எத்தனை மணிக்குத் தின்றது. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அவர் வரச் சொன்னால் உடனே கிளம்புங்கள். மீதியை நாய் பிழைத்த பிறகு வந்து படிக்கலாம்.

இனி விளக்கம்.

சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத பொருள் கோகோவில் இருக்கிறது. தியோப்ரோமின் என்று பெயர். கூடவே கொஞ்சம் கஃபீனும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். நம் உடம்பு தியோப்ரோமினை ஏழெட்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைத்துவிடும். நாயின் கல்லீரலுக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகிறது. அதனால் ஒரு முறை உள்ளே போனது இரண்டு மூன்று நாள் வரை இரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். இதயத்தை விரட்டும், நரம்பைத் தூண்டும், சிறுநீரைப் பெருக்கும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. பாம்புக் கடிக்கு ஊசி இருக்கிற மாதிரி சாக்லேட்டுக்கு ஒன்று இல்லை. உள்ளே போவதைத் தடுக்கலாம், போனதை வெளியேற்ற உதவலாம், அது அடங்கும் வரை உயிரைப் பிடித்து வைக்கலாம். அவ்வளவுதான் எங்களால் முடியும். தாமதம் ஏன் இவ்வளவு கெடுதல் என்பது இதிலேயே புரியும்.

எவ்வளவு தின்றால் ஆபத்து என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கடினமானதும் இல்லை. ஒரு கிராம் பால் சாக்லேட்டில் இந்த இரண்டு பொருளும் சேர்த்து சுமார் 2.3 மில்லிகிராம் இருக்கும். டார்க் சாக்லேட்டில் சுமார் 5.5. இனிப்புச் சேர்க்காத சமையல் சாக்லேட்டில் 16. கேக்குக்குப் போடும் கோகோ பவுடரில் 28 வரை. வெள்ளைச் சாக்லேட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. தின்ற கிராமை இந்த எண்ணால் பெருக்கி, நாயின் கிலோ எடையால் வகுங்கள். விடை 20ஐத் தொட்டால் வாந்தி, பேதி, தாகம், அமைதியின்மை வரும். 40, 50 என்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60 தாண்டினால் வலிப்பு. 100க்கு மேல் போனால் சிகிச்சை செய்தாலும் பிழைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் ஸ்பிட்ஸையே எடுத்துக்கொள்வோம். 60 கிராம் டார்க், 5.5ஆல் பெருக்கினால் 330. எடை 9. வகுத்தால் கிட்டத்தட்ட 37. இதயத்தைத் தொடும் கோட்டுக்கு ஒரு விரற்கடை தூரம். வாந்தியில் கொஞ்சம் வெளியே போனதால் ஒரு இரவு அலைச்சலோடு தப்பியது. இன்னும் நான்கைந்து துண்டு கூடுதலாகத் தின்றிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதே 60 கிராம் டார்க்கை 30 கிலோ லேப்ரடார் தின்றிருந்தால் விடை 11. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குழந்தை கையிலிருந்து 15 கிராம் பால் சாக்லேட்டை 12 கிலோ நாட்டு நாய் பிடுங்கித் தின்றால் விடை 3கூட வராது. அதற்காக இரவு பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து அலைய வேண்டியதில்லை. ஆனால் 3 கிலோ பொமரேனியன் அலமாரியிலிருந்து விழுந்த கோகோ பவுடரில் 15 கிராம் நக்கிவிட்டால் விடை 140. இரண்டு மூன்று ஸ்பூன்தான், பார்வைக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் அது உயிரைக் கொண்டுபோகும் அளவு. வீட்டில் கேக் செய்கிறவர்கள் கோகோ டப்பாவை எலி மருந்துக்குக் கொடுக்கிற மரியாதையோடு வைக்க வேண்டும்.

ஏற்காட்டுச் சாக்லேட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கம்பெனி சாக்லேட் என்றால் கவரில் கோகோ இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். மலை மேல் பல கடைகளில் கிலோ கணக்கில் எடை போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுப்பதில் அந்த விவரம் இருக்காது. நிறைய இடங்களில் கோகோ பவுடரும் தாவர எண்ணெய்க் கொழுப்பும் சேர்ந்த காம்பவுண்ட் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். ஒரு கட்டியில் கோகோ குறைவாக இருக்கும், இன்னொன்றில் கூடுதலாக இருக்கும். அதனால் அந்த டப்பாவில் கறுப்பாக இருப்பதையெல்லாம் டார்க் என்றே கணக்குப் போடுங்கள். பழுப்பாக இருப்பதைப் பால் சாக்லேட் என்று வையுங்கள். சந்தேகம் வந்தால் கூடுதல் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் எத்தனை கிராம் வாங்கினோம் என்பது நினைவிருந்தால், மிச்சத்தைச் சமையலறைத் தராசில் வைத்தாலே தின்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் "பிறகு நன்றாகத்தான் விளையாடியது" என்று ஒரு வரி இருக்கிறது. இருபது வருடத்துக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், சாக்லேட் கேஸ் ஒவ்வொன்றிலும் இந்த வரியைக் கேட்டிருக்கிறேன். "நல்லாத்தானுங்க இருக்குது, வாலாட்டிட்டு ஓடுதுங்க, காலையில கூட்டிட்டு வரட்டுங்களா?" நாயின் வயிற்றில் சாக்லேட் உருகிப் பிசுக்காக ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும். சில நாய்கள் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே தவிக்க ஆரம்பிக்கும். பெரும்பாலானவற்றில் 6 முதல் 12 மணி நேரம் வரை ஆகும். மாலை ஏழு மணிக்குத் தின்ற நாய்க்கு நள்ளிரவில்தான் தெரியும். அது நன்றாக இருக்கும் அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் எங்கள் கைக்குள் இருக்கும் நேரம். சாக்லேட் இன்னும் இரைப்பையில் இருக்கிறது, வாந்தி எடுக்க வைத்தால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். நாய் நடுங்க ஆரம்பித்த பிறகு கூட்டி வந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். நன்றாக இருக்கிறது என்பதுதான் உடனே கிளம்பக் காரணம். காத்திருக்கக் காரணம் அல்ல.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் என்னை உறுத்துகிறது. தொழிலுக்கு வந்த புதிது. ஒரு டிசம்பர் மாத இரவு ஒன்பது மணிக்கு மலை அடிவாரத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர் போன் செய்தார். கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கி வைத்த சமையல் சாக்லேட் கட்டியில் பாதியை, 7 கிலோ டாஷ்ஹண்ட் தின்றுவிட்டது. எத்தனை கிராம் என்று நான் கேட்கவில்லை. எடையும் கேட்கவில்லை. நாய் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். சாக்லேட்தானே, காலையில் பார்க்கலாம் என்று சொன்னேன். விடியற்காலை நான்கு மணிக்கு அதற்கு வலிப்பு வந்து, கொண்டு வரும் வழியிலேயே இறந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. கட்டியின் கவரை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். 200 கிராம் என்று அதில் அச்சடித்திருந்தது. பாதி என்றால் 100 கிராம். டார்க் கணக்கில் வைத்தாலே 78. போனில் ஒரு நிமிடம் செலவழித்துக் கணக்குப் போட்டிருந்தால் அன்று இரவே வரச் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் நாய் எப்படி இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் கேட்கிறேன்.

அடுத்தது உப்புத் தண்ணீர். பாட்டியைக் குறை சொல்லவில்லை. நம் பக்கம் மனிதருக்கே அப்படித்தான் செய்து வந்தோம். ஆனால் நாய்க்கு உப்பே தனி நஞ்சு. உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பிலேயே அறிகுறி தொடங்கும், 4 கிராமில் உயிர் போகலாம். ஒரு டேபிள்ஸ்பூன் தூள் உப்பு 18 கிராம் வரை இருக்கும். 9 கிலோ நாய்க்கு இரண்டு ஸ்பூன் கரைத்து ஊற்றி, அது வாந்தி எடுக்காமல் உள்ளேயே தங்கிவிட்டால், சரியாக அந்த 4 கிராம் கணக்கு வந்துவிடுகிறது. மூளையிலிருந்து நீர் இழுக்கப்பட்டு, அது சுருங்கி வலிப்பு வரும். அப்போது சாக்லேட்டால் வந்த வலிப்பா, உப்பால் வந்ததா என்று எங்களுக்கே பிரித்தறிய முடியாது. உங்கள் நாய் வாந்தி எடுத்ததால் உப்பும் வெளியே போயிற்று. இனி ஒருபோதும் வேண்டாம்.

புளித் தண்ணீரும் வேண்டாம். இது பலருக்குத் தெரியாது. திராட்சை, உலர்திராட்சை தின்ற நாய்களுக்கு ஏன் சிறுநீரகம் கெடுகிறது என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று 2021க்குப் பிறகு மருத்துவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. வாந்திக்காகக் கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றுவது, இதயத்தைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தைப் பலி கொடுக்கும் வேலை.

விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய், பச்சை முட்டை, தொண்டையில் விரல் விடுவது, இவை எதுவும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பாலும் தயிரும் கொடுத்தால் நஞ்சு முறியும் என்ற நம்பிக்கை சேலத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. தியோப்ரோமினைப் பால் ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கைத்தான் கூட்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போனில் தேடுகிறவர்கள் எல்லோரும் இதில்தான் போய் நிற்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் நாய்க்கு ஸ்பூன் ஸ்பூனாகப் பெராக்சைடு கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதைக் காட்டுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது 3 சதவீதக் கரைசல். நம் மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவக் கொடுக்கும் பாட்டில் பெரும்பாலும் 6 சதவீதம், 20 வால்யூம் என்று போட்டிருக்கும். இரண்டு மடங்கு காரம். அதே அளவு கொடுத்தால் உணவுக்குழாயும் இரைப்பையும் வெந்து இரத்த வாந்தி எடுக்கும். ஒரு மருத்துவர் போனில் உங்கள் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டு, எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது, எத்தனை மில்லி என்று அவரே சொன்னால் ஒழிய அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அவர் சொன்னாலும் வீட்டில் செய்ய வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாயில் ஏறிவிடும். ஏற்கெனவே நடுக்கம், வலிப்பு, மயக்கம் வந்த நாய்க்கும் கண்டிப்பாகக் கூடாது.

இன்னொன்று. தெரிந்த கம்பவுண்டர் வந்து "ஒரு டெக்சா போட்டா சரியாயிடும்" என்று ஸ்டீராய்டு ஊசி போடுவது உண்டு. ஸ்டீராய்டு, எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டும் இந்த நஞ்சு சிறுநீரில் வெளியேறுவதைக் குறைத்துவிடும். அன்புடன் மறுத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கும், நாயோடு அங்கே போய்த் தங்குகிறவர்களுக்கும் தூரம் ஒரு பெரிய விஷயம். சேலத்துக்கு 30 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறை நாளில், மே மாதக் கோடை விழா சமயத்தில், ஒரு மணி நேரம் என்பது இரண்டு மணி நேரம் ஆகும். முதல் இரண்டு மணி நேரம் என்று நான் சொன்னதில் பெரும்பகுதி ரோட்டிலேயே போய்விடுகிறது. அதனால் போன் செய்துகொண்டே கிளம்புங்கள், யோசித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கீழே எந்த டாக்டரிடம் போகிறீர்களோ அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் மருந்தை எடுத்து வைத்துக் காத்திருப்பார். நாய்க்கு வாய்க்கட்டுப் போடாதீர்கள். வளைவுகளில் தானாகவே வாந்தி எடுக்கும், அப்போது வாய் கட்டியிருந்தால் மூச்சடைக்கும். பின் சீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்து பழைய துண்டு விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்தால் அதை ஒரு கவரில் கொண்டு வாருங்கள், அருவருப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த நஞ்சு உடம்புச் சூட்டை ஏற்றும், அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கம்பளியால் போர்த்தாதீர்கள், மலையில் எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி.

நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு காபித் தோட்டத்து லேப்ரடாரை அப்படித்தான் கொண்டு வந்தார்கள். 30 கிலோ, விருந்தாளி வாங்கி வைத்த கால் கிலோ டார்க் டப்பா முழுவதும் காலி. விடை 46. தின்று ஒன்றரை மணி நேரத்துக்குள் என் மேசை மேல் இருந்தது, வாலை ஆட்டிக்கொண்டே. வாந்தி ஊசி போட்டோம். வெளியே வந்ததில் 17 வெள்ளித்தாள் எண்ணினோம். டப்பாவில் இருந்தது 20 என்று வீட்டம்மா சொன்னதால், மிச்சம் மூன்று தாள் மலத்தில் வருகிறதா என்று இரண்டு நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், வந்துவிட்டது. தாள் குடலில் சிக்கினால் அது வேறு அறுவைச் சிகிச்சையில் போய் முடியும். அந்த நாய்க்கு இரவு கொஞ்சம் படபடப்பு இருந்தது, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் என்ன செய்வோம் என்று தெரிந்தால் உங்களுக்குப் பயம் குறையும். முதலில் வாந்தி. அடுத்தது மருந்துக் கரி, ஆக்டிவேட்டட் சார்கோல் என்பார்கள். கறுப்புக் குழம்பாக இருக்கும், தரையெல்லாம் கறையாகும். அடுப்புக் கரியை அரைத்துக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. தியோப்ரோமின் கல்லீரலிலிருந்து பித்தத்தோடு மறுபடி குடலுக்கு வந்து மறுபடி உறிஞ்சப்படுவதால், பலமாகத் தின்ற நாய்க்குக் கரியை ஒரு முறையோடு நிறுத்தாமல் சில மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். டிரிப் ஏற்றுவோம். துடிப்பு கூடினால் அதை அடக்க மருந்து, நடுக்கம் வந்தால் டயசிபாம். இன்னொரு சின்ன விஷயம், இது வீட்டிலிருந்தே நீங்கள் செய்யக்கூடியது: இந்த நஞ்சு சிறுநீர்ப்பையின் சுவர் வழியாகவும் திரும்ப இரத்தத்துக்குள் போகும். அதனால் நாயை அடிக்கடி வெளியே கூட்டிப் போய்ச் சிறுநீர் கழிக்க விட வேண்டும். உங்கள் ஸ்பிட்ஸ் நான்கு முறை வாசலுக்குப் போனது தொந்தரவு இல்லை, அதுவே அதற்கு வைத்தியம். கதவைத் திறந்து விட்டது நல்ல காரியம். குடிக்கத் தண்ணீரும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் அனுப்பினால், தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடியை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா படுத்திருக்கும் நாய்க்கு 160க்கு மேல் போனாலோ, துடிப்பு விட்டு விட்டு வந்தாலோ, தசை துள்ளினாலோ, உடம்புச் சூடு 104 டிகிரி தாண்டினாலோ மறுபடி கிளம்ப வேண்டியதுதான். மணி இரவு இரண்டு என்றாலும்.

இரவு இரண்டு மணிக்கு எங்கே போவது என்பதை இன்று பகலிலேயே கேட்டு வையுங்கள். உங்கள் டாக்டர் இரவில் போன் எடுப்பாரா, எடுக்காவிட்டால் ஊரில் வேறு யார் பார்ப்பார்கள், நாமக்கல்லிலும் தலைவாசலிலும் இருக்கும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அவசரச் சிகிச்சை நேரம் என்ன, என்று கேட்டு எண்களைக் குறித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். 1962 என்ற இலவச எண் முக்கியமாக ஆடு மாடுகளுக்கான நடமாடும் ஊர்தி சேவைக்கானது. தோட்டத்து வீட்டில் வேறு வழியே தெரியாதபோது வழி கேட்கவாவது அதில் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

சேர்வராயன் மலையில் வாழ்கிறவர்களுக்குச் சாக்லேட்டைவிட நெருக்கமான ஒன்று காபி. கஃபீன் நாய்க்குச் செய்வதும் இதேதான், இன்னும் வேகமாகச் செய்யும். ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நடுங்க ஆரம்பித்துவிடும். ஒரு கிராம் அரபிகா தூளில் சுமார் 12 மில்லிகிராம், ரோபஸ்டாவில் 22 வரை கஃபீன் இருக்கும். 10 கிலோ நாய் 50 கிராம் தூளைத் தின்றால் கணக்கு 60லிருந்து 110 வரை வந்துவிடுகிறது. வெறும் தூளை நாய் தின்னாது என்பீர்கள். சரிதான், கசப்பு. ஆனால் டிகாஷன் இறக்கிய சக்கையில் பாலும் சர்க்கரையும் சேர்ந்து செடிக்கடியில் கொட்டினால் குட்டி நாய்கள் தின்னும். சக்கையிலும் கஃபீன் மிச்சம் இருக்கிறது. காபிக் கொட்டைக்கு மேல் சாக்லேட் பூசி விற்கிறார்களே, அது இரண்டு நஞ்சும் சேர்ந்த உருண்டை. அதற்கு டார்க் சாக்லேட் கணக்குப் போதாது. எத்தனை தின்றாலும் போன் செய்யுங்கள்.

கணக்கில் அடங்காத இன்னும் இரண்டு வகை. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் சுகர்ஃப்ரீ சாக்லேட்டின் கவரைத் திருப்பிப் பாருங்கள். சைலிட்டால் அல்லது 967 என்று இருந்தால் ஒரு துண்டுகூட அவசரம். அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரை சரிந்து நாய் துவண்டு விழும், அளவு கூடினால் கல்லீரல் போகும். மால்டிட்டால் என்று இருந்தால் பெரும்பாலும் வயிற்றோட்டத்தோடு போய்விடும். உலர்திராட்சை போட்ட ஃப்ரூட் அண்ட் நட் வகைகளும், கிறிஸ்துமஸ் பிளம் கேக்கும் கோகோ குறைவாக இருந்தாலும் திராட்சைக்காகவே ஆபத்து. இதில் கிலோவுக்கு இத்தனை கிராம் வரை பரவாயில்லை என்ற எல்லையே கிடையாது. ஒரு நாய் ஒரு கைப்பிடி தின்று தப்பிக்கும், இன்னொன்று சில பழங்களில் சிறுநீரகம் கெட்டு விழும்.

ஏற்காடு வருகிற சுற்றுலாப் பயணிகளிடம் ஒரு வேண்டுகோள். ஏரிக்கரையிலும் லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயிண்ட்டிலும் திரிகிற நாய்கள் உங்கள் முகத்தையே பார்த்து நிற்கும். பாசத்தில் ஒரு துண்டு சாக்லேட் போடுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற பத்துப் பேரும் அதே பாசத்தில் ஒரு துண்டு போடுகிறார்கள். முதல் துண்டே அடங்காத உடம்பில் மாலைக்குள் பத்துத் துண்டு ஏறிவிடுகிறது. வீட்டு நாய்க்காவது இரவில் மூச்சு வாங்குவதைப் பார்க்க ஆள் இருக்கிறது. அந்த நாய்களுக்கு யாரும் இல்லை. பிஸ்கட்டோ பிரட்டோ போடுங்கள், வாழ்த்திவிட்டுப் போகும். குரங்கு பறித்துக்கொண்டு ஓடிய டப்பாவிலிருந்து சிதறியதையும் முடிந்தால் பொறுக்கிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் நாய்க்கு. நஞ்சு அடங்கிவிட்டது, ஆனால் சாக்லேட்டில் கொழுப்பு நிறைய. தின்று ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கணையம் வீங்குவது உண்டு, ஸ்பிட்ஸ், பொமரேனியன் போன்ற சிறிய நாய்களில் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கிறேன். சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்வது, மறுபடி வாந்தி, முன்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக் கும்பிடுவது போல் நிற்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் கூட்டி வாருங்கள். இந்த வாரம் முழுக்க எண்ணெய், நெய், ஈரல் எதுவும் இல்லாமல், குழைய வடித்த சோறும் தோல் நீக்கி வேக வைத்த கோழியும் மஞ்சளோ உப்போ போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளைக்குப் பிரித்துக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் குடித்த நாய் என்பதால், வந்து ஒரு முறை இரத்தம் எடுத்துச் சோடியமும் சிறுநீரகமும் பார்த்துவிட்டால் எனக்கும் நிம்மதியாக இருக்கும்.